முப்பத்தொரு தட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் கிளம்பிவிடும். டுரியான் துங்காலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான். சாலையில் எவன் குறுக்கே வந்தாலும் சரியான இடத்தில் பிரேக் போடுவேன். இந்த வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. அன்றைக்குப் பாக்கியலட்சுமி போன் செய்தபோது நடந்ததும் அதுதான்.

பாக்கியலட்சுமி யார் என்றால், என் மகன் திலீபன் கட்டிக்கொள்ளப் போகும் அகல்யாவுக்கு அத்தை. அகல்யாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார், வளர்த்தது இந்த அத்தைதான். அப்பா ஹரிதாஸ் தெங்கேராவில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் அக்கா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். அந்த அக்கா இருப்பது கிளேபாங் கடலோரத்தில், தானாகத் திறக்கும் கேட் போட்ட பங்களாவில். கல்யாணப் பேச்சு எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

"சம்பந்தி, நிச்சயத்துக்கு எத்தன தட்டு கொண்டு வரீங்க?"

"பதினொண்ணு வைக்கலாம்னு இருக்கோம் சம்பந்தி."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. "பதினொண்ணா? எங்க பக்கம் இருபத்தொண்ணுக்குக் கொறஞ்சு யாரும் வச்சதில்ல. பரவால்லலா. உங்க வசதிக்கு என்ன முடியுமோ அதச் செய்யுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

'உங்க வசதிக்கு' என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறியது.

"இருபத்தொண்ணு எதுக்கு சம்பந்தி? முப்பத்தொண்ணாவே கொண்டு வரோம்!"

போனை வைத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் நல்லமுத்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் காவல் வேலை பார்க்கிறவர், வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

"முப்பத்தொண்ணா?" என்றார்.

"ஆமா."

"சரி," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தக் காலத்துத் தட்டு முன்னைப் போல இல்லை. மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பட்டு என்று ஒன்பதோ பதினொன்றோ போதும் என்றிருந்தது எப்போதோ போய்விட்டது. இப்போது சாக்லேட்டை இதயம் மாதிரி அடுக்க வேண்டும், கேக் வேண்டும், வாசனைத் திரவியம் வேண்டும், வெளிநாட்டுப் பழம் வேண்டும், அதற்கு மேல் கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்ட ஓர் ஆள் வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பெண்கள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நிற்பவர்கள் கண்ணாலேயே எண்ணுவார்கள்.

மறுநாள் டவுனுக்குப் போய் விலை விசாரித்தேன். அடேயப்பா! சாக்லேட் விலையைக் கேட்டதும் எனக்குக் காதே அடைத்துக்கொண்டது. "கொக்கோ வெல ஏறிடுச்சு ஆண்டி, எல்லாமே மஹால்தான், யான வெல," என்றது கடைக்காரப் பெண். அலங்காரக் கூலி தனி. கேக் தனி. வேனுக்குப் போடுகிற டீசல் ஏறிவிட்டது, டயர் ஏறிவிட்டது, ஆனால் பிள்ளைகளின் வேன் கட்டணத்தை ஏற்றுகிறேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அந்தத் தாய்மார்கள் படுகிற பாடு எனக்குத் தெரியாதா? இந்த லட்சணத்தில் முப்பத்தொரு தட்டு!

அன்று இரவுச் சாப்பாட்டின்போது திலீபன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆயர் குரோ தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறான். ஓவர்டைம் ஓவர்டைம் என்று உடம்பைப் போட்டு உழைத்து, எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் கட்டுகிற வீட்டு வரிசையில் ஒரு வீட்டுக்கு முன்பணம் சேர்த்து வைத்திருந்தான். மாதக் கடைசியில் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மா, வீடு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா," என்றான்.

"என்னடா சொல்ற?"

"அந்தக் காச எடுத்துத் தட்டுக்குப் போடுங்க. நீங்க சொன்ன வார்த்த நாலு பேருக்கு முன்னாடி போயிடக் கூடாது. வீடு எங்க ஓடிடப் போகுது?"

வீடு ஓடித்தான் போகும். அடுத்த வருஷம் அதே வீடு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ்வளவும் தெரிந்து அவன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"அந்தக் காசத் தொட்டேன்னா நான் விஜயராணி இல்ல," என்றேன். "முப்பத்தொரு தட்டும் போகும். வீடும் வரும். நீ சாப்பிடு."

எப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் எங்கள் தாமான் மண்டபத்துக்கு மலிவு விற்பனை லாரி வந்தது. விடிந்ததும் விடியாததுமாக வரிசை சாலைவரைக்கும் போய்விட்டது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் பையும் கையுமாக நின்றார்கள். முன்பெல்லாம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆசிரியர் வீட்டு அம்மா குடை பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். குஞ்சம்மா எங்கள் பழைய தோட்டத்துக்காரி. கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்திலிருந்து எனக்குப் பக்கத்து வீடு, இப்போது இங்கே அடுத்த ஜாலான், ஒரு தெரு தள்ளி. அவள் லாரியிலிருந்து இரண்டு பாக்கெட் சமையல் எண்ணெயும் முட்டை அடுக்கிய ஒரு பலகையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வாயெல்லாம் பல்.

"கெடச்சிருச்சுடி ராணி! எண்ணெ கெடச்சிருச்சு!"

ஆசிரியர் வீட்டு அம்மாவும் அந்த எண்ணெயைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த நிச்சயதார்த்தத்திலும் எந்தச் சாக்லேட் தட்டையும் ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை.

"குஞ்சம்மா," என்றேன், "சாயங்காலம் நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாரையும் என் வீட்டுக்கு வரச் சொல்லு."

வந்தார்கள். வாசலில் கார் நிறுத்துகிற இடம் முழுக்க ஆள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் வாய் விட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள், "ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி," என்றாள் ஒருத்தி. வீட்டு முன்பணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"பதினோரு தட்டுக்குன்னு வச்சிருந்தது என்கிட்ட இருக்கு," என்றேன். "அதுல சாக்லேட் வாங்கல. அரிசியும் பருப்பும் சீனியும் மூட்டையா வாங்கப் போறேன். மிச்சத்துக்கு உங்க ஒத்தாச வேணும். உங்க வீட்டுக்கு யாராச்சும் தட்டு கொண்டு வந்தா, அதுல என்ன இருந்தா உங்களுக்கு இன்னிக்கு வயிறு குளிரும்? அத வைங்க. வாங்க வேணாம். கொல்லையில காய்க்கிறத வைங்க. ரெண்டு மூணு வீடா சேந்து ஒரு தட்டு."

"என்கிட்ட தேங்கா இருக்கு. இப்ப தேங்கா விக்கிற வெலைக்கு அது தங்கம்," என்றாள் கருப்பாயி.

"கறிவேப்பில, மொளகா, முருங்கக்கா என் பொறுப்பு," என்றாள் இன்னொருத்தி.

"ஏய், முட்ட வைக்கலாமா?" என்று குஞ்சம்மா கேட்டாள். "நல்ல காரியத்துக்கு ஆகுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆகுமா ஆகாதா என்று நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, "வை. கடைசில வரட்டும். சாமி விளக்குப் பக்கத்துல வேணாம்," என்றேன்.

"பலகைல முப்பதுதானே இருக்கும்? ஒத்தப்படையா இருக்கணுமே."

"கூட ஒண்ணு வையேன்டி!"

குஞ்சம்மாவின் புருஷன் முனுசாமி கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தான். "அண்ணி, கேஸ் தோங் ஒண்ணு வைக்கலாமா? நான் தோள்ல தூக்கிட்டு வரேன்." தட்டு வரிசையில் கேஸ் சிலிண்டரா என்று எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது நிச்சயத்தன்றுதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மஞ்சள் வேன்கள் கிளம்பின. ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் கூட வேன் ஓட்டுகிறவர்கள் வாடகை வாங்காமல் கொடுத்தவை. தெங்கேரா சாலை குறுகல், வீடுகளும் முகப்பு குறுகி உள்ளே நீளமாகப் போகும். ஹரிதாஸின் கடைவீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தியதும் பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று தட்டுகளை இறக்கினோம்.

என்ன வரிசை என்கிறீர்கள்! முதலில் நான், மஞ்சள் குங்குமத் தட்டோடு. பின்னால் வெற்றிலை பாக்கு, பட்டு, பூ, பழம். இது வரைக்கும் எல்லாரும் பார்த்ததுதான். அதற்குப் பின்னால் அரிசியை மயிலாகப் பரப்பிப் பருப்பால் தோகை போட்ட தட்டு. சீனி மலை. சின்ன வெங்காயத்தைச் சரமாகக் கோத்து மாலை மாதிரி சுற்றிய தட்டு. எண்ணெய்ப் பாக்கெட்டுகளைத் தாமரை இதழாக நிறுத்திய தட்டு. மஞ்சள் பூசிய தேங்காய்கள், பச்சை மிளகாய், பால்மாவு டின், புளி, முருங்கைக்காய். குஞ்சம்மாவின் முட்டைகள், நடுவில் அந்த ஒன்று மட்டும் கூடுதலாக. எல்லாருக்கும் கடைசியில் முனுசாமி, ஜரிகைத் துண்டு கட்டி, சந்தனம் வைத்து, மாலை போட்ட கேஸ் தோங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு. கடை முன்நடையில், அஞ்சடியில் நின்ற பக்கத்துக் கடைச் சீனப் பெரியவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சுற்றிப் பார்க்க வந்த யாரோ இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

பாக்கியலட்சுமி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். அரிசி மயில் வந்ததும் அவர் கண் விரிந்தது. வெங்காய மாலை வந்ததும் புருவம் ஏறியது.

"என்ன சம்பந்தி, மளிகைக் கடையவே காலி பண்ணிட்டு வந்துட்டீங்களா?"

அவர் பக்கத்து ஆட்கள் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கினேன். அதற்குள் முட்டைத் தட்டு உள்ளே நுழைந்தது.

"ஐயையோ, முட்டையா! சுபகாரியத்துக்கு முட்டைய யாராச்சும் கொண்டு வருவாங்களா? வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

குஞ்சம்மா முகம் சுருங்கிப்போய்த் தட்டோடு நின்றாள். என்னைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். குஞ்சம்மாவைச் சொல்லலாமா?

"சம்பந்தி," என்றேன், "நீங்க திருப்பிக் குடுக்கப் போற தட்டுல கேக் இருக்குதா?"

"இருக்கு. மூணு அடுக்குக் கேக்."

"அதுல முட்ட போடலியா? நீங்க ஒடச்சுக் கலக்கிக் கொண்டு வந்தீங்க. நாங்க முழுசாக் கொண்டு வந்தோம்."

முதலில் சிரித்தது ஹரிதாஸ். அந்த மனுஷன் அக்கா முன்னால் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். பிறகு கூடமே சிரித்தது. குஞ்சம்மா நிமிர்ந்து நடந்துபோய்த் தட்டை வைத்தாள்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கிளேபாங்கிலிருந்து வந்த பட்டுச்சேலைக்காரப் பெண் ஒருத்தி எண்ணெய்த் தட்டின் பக்கம் குனிந்து, "ஆண்டி, இந்தப் பாக்கெட் எண்ணெ எங்க கெடச்சுது? எங்க பக்கம் வந்த ஒடனே தீந்துடுதுலா," என்றாள். வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் தேங்காயைக் கையில் தட்டிப் பார்த்தார். "தோசைக்குச் சட்னி அரச்சே நாளாச்சு, இப்பல்லாம் சாம்பார்தான்," என்றார். டாக்டர் வீட்டு அம்மா, தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டதாகவும் இப்போது தானே துணி துவைப்பதாகவும் யாரும் கேட்காமலே சொன்னார். எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது. கார்க்காரர்களும் பஸ்காரர்களும் ஒரே பேச்சுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர்கள் விட்டது வேலைக்காரியை, நாங்கள் விட்டது மீனை. விட்டது வேறு என்றாலும் புலம்பல் ஒன்றுதான்.

திலீபனும் அகல்யாவும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அடுத்தது தட்டு மாற்றுவது. நாங்கள் கொண்டுவந்த தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. பெண் வீட்டார் தங்கள் தட்டுகளைக் கொடுத்தனுப்ப வேண்டும், அதுவும் எங்களதைவிடக் குறையாமல். முப்பத்து மூன்று தட்டுகள் உள்கூடத்தில் பளபளவென்று அடுக்கியிருந்தன. சாக்லேட் கோபுரம், பழக்கூடை, மூன்று அடுக்குக் கேக்.

நான் போய்க் கேக் தட்டைத் தூக்கினேன். கனமாக இருக்கும் என்று இரண்டு கையையும் கொடுத்து எக்கித் தூக்கினால், அது காற்று மாதிரி மேலே வந்துவிட்டது! விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். கிரீமுக்குக் கீழே போலிஸ்ட்ரீன் கட்டி. பக்கத்துச் சாக்லேட் பெட்டியைத் தொட்டேன், காலி. பழக்கூடையில் ஆப்பிள் பிளாஸ்டிக். அத்தனையும் அலங்காரக் கடையில் வாடகைக்கு எடுத்தது.

திரும்பினால் பாக்கியலட்சுமி நின்றார். அந்த முகத்தில் பங்களாவும் இல்லை, கேட்டும் இல்லை.

"சம்பந்தி," என்று என் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க முப்பத்தொண்ணுன்னு சொல்லிட்டீங்க. நாங்க கொறவா வைக்க முடியுமா? எங்க வீட்டுக்காரருக்குக் காண்ட்ராக்ட் வேலையே வரலம்மா. மகனுக்கு வெளிநாட்டுல படிப்பு. ஏசி போட்டே ரொம்ப நாளாச்சு. யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்? ராத்திரி ஒங்க வீட்டுக்கே கூப்பிட்டுச் சொல்லிடலாம்னு போன எடுத்து எடுத்து வச்சேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் வாய்க்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. கேக்கைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சத்தம் போட்டால் போதும், 'உங்க வசதிக்கு' என்றதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிடலாம். வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அகல்யா, புது மோதிரத்தை யாரோ ஒரு பாட்டியம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவளை வளர்த்த கை இன்னும் என் கையை விடவில்லை. என் பிள்ளை வீட்டையே விட்டுத்தருகிறேன் என்று சொன்னதும் நான் விட்ட இதே வார்த்தையால்தானே? இவரும் அதில்தான் மாட்டிக்கொண்டார்.

கேக்கை மெதுவாகக் கீழே வைத்தேன். கூடத்துக்கு வந்து கையைத் தட்டினேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! எங்க தோட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு வீட்டு அலங்காரத் தட்டு, சாமி முன்னாடி அழகுக்கு இருக்கணும். அதத் தொடக் கூடாது. மாப்பிள்ள வீடு கொண்டு வந்த தட்டுல பாதிய பொண்ணு வீடு எடுத்துக்கிட்டு, மீதிப் பாதிய அவங்க கையாலயே திருப்பி வச்சுக் குடுக்கணும். ரெண்டு வீட்டு அடுப்பும் ஒண்ணா எரியணும்னு அர்த்தம்!"

அப்படி ஒரு வழக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. அந்த நிமிஷம் நான் விட்ட கதை அது. எங்கள் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான், எதற்கும் வாய் திறக்காத என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார் நல்லமுத்து. "எங்கப்பா காலத்துலேந்து அப்படித்தான்."

அந்த மனுஷன் பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். கட்டிப்பிடித்திருப்பேன், கூட்டம் இருந்தது.

"ஆமாமா, அதான் வழக்கம்!" என்று குஞ்சம்மா உடனே பிடித்துக்கொண்டாள். பாக்கியலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையை இழுத்துச் சொருகினார். நானும் அவரும் தரையில் உட்கார்ந்து அரிசியை அள்ளி அள்ளிப் பிரித்தோம். மயில் இரண்டாகப் போனது. ஒவ்வொரு தட்டும் பாதி இங்கே இறங்கி, பாதியோடு திரும்பியது. எங்கள் பெண்கள் கொண்டுவந்த தட்டு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று அந்தப் பெண்கள் வீட்டுக்கே திரும்பிப் போனது. கேஸ் தோங்கை மட்டும் பாதியாகப் பிரிக்க முடியாது என்று முனுசாமி கவலைப்பட்டான். "அது எங்க வீட்டுக்கே இருக்கட்டும் தம்பி," என்று ஹரிதாஸ் அதைத் தானே உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாதக் கடைசியில் திலீபன் முன்பணம் கட்டினான். வேனை அந்தப் புது வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, ஹாரனை விடாமல் அடித்தேன். ஒரு மேஸ்திரி மேலிருந்து எட்டிப் பார்த்துத் திட்டினார். எனக்கென்ன? என் பிள்ளையின் வீடு!

போன வாரம் அலோர் காஜா பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். அங்கேயும் அரிசித் தட்டு, எண்ணெய்த் தட்டு. பாதியைப் பிரித்துத் திருப்பி வைத்தார்கள். இது என்ன புதுசா என்று தெரியாத மாதிரி கேட்டேன். "புதுசா? இது நம்ம முன்னோர் வழக்கம், உங்களுக்குத் தெரியாதா?" என்று ஓர் அம்மா என்னையே அதட்டினார். வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கும் பிரேக் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

நேற்றுப் பாக்கியலட்சுமி போன் செய்தார்.

"சம்பந்தி, கல்யாணத்துக்கு எத்தன தட்டு வைக்கலாம்?"

"நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

"ஒண்ணு போதும்லா. அந்த ஒண்ணுல முட்ட வச்சிடுங்க. போன தடவ வந்தது நல்லா இருந்துச்சு."

"வச்சிடுவோம் சம்பந்தி," என்றேன். "முப்பத்தொண்ணா வச்சிடுவோம்."